காலிமனையும் கீரைப் பாத்தியும்

‘கொல்லை’ என்னும் சொல் பழந்தமிழில் முல்லை நிலத்துப் புன்செயைக் குறித்தது. பின்னர் வீட்டின் பின்புறத் தோட்டத்திற்குப் பெயராயிற்று. இன்று ‘கொல்லைக்குப் போதல்’ என்பதன் பொருளை மாணவர்க்கு விளக்க வேண்டியதில்லை. சொல் தாழ்ந்த கதையே நிலம் தாழ்ந்த கதையுமாகும். நம் நகரங்களில் வீடு எழும்பாத மனைகள் எல்லைக்கல் நட்டபடியே கருவேலும் குப்பையும் மண்டிக் கிடக்கின்றன. அம்மனைகளின் ஓரத்திலேயே, எங்கிருந்தோ லாரியில் வந்து வாடிய கீரைக்கட்டு விலை கூறப்படுகிறது.

இம்மனைகளில் பயிரிடலாமே எனின், ‘ஏட்டுச் சுரைக்காய்’ என்று நகைப்பாருளர். அவர்கள் கியூபாவின் தலைநகரான ஹவானாவை நோக்குதல் வேண்டும். 1991இல் சோவியத் ஒன்றியம் சிதைந்தபோது அந்நாட்டுக்கு எரிபொருள், உரம், உணவு ஆகியவற்றின் வரத்து பெரிதும் அற்றது. பசி நகரத்தின் வாயிலில் நின்றது. மக்கள் வெற்று மனைகளில் இறங்கினர். இடிபாடும் கற்காரையும் நிறைந்த இடங்களில் தாழ்ந்த சுவர் எழுப்பி, மட்கிய எருவும் மண்ணும் கலந்து நிரப்பி, மேட்டுப்பாத்தி அமைத்தனர். விளைந்தவற்றைத் தோட்டத்து ஓரத்திலேயே அண்டை வீட்டார்க்கு விற்றனர். அலமார் என்னும் புறநகர்ப் பகுதியில் 1997இல் சிறிதாகத் தொடங்கிய கூட்டுறவுத் தோட்டம் ஏறத்தாழ 11 ஹெக்டேராக விரிந்தது. மிகைப்படுத்தலும் தகாது. அந்நாடு தனக்கு வேண்டிய உணவில் பெரும்பகுதியை இன்றும் இறக்குமதியே செய்கிறது. பாத்தி, காய்கறி தரும், சோறு தராது.

ஆயினும் ஹவானாவில் வித்தினும் முந்தியது அனுமதியே என்பது என் கருத்து. உழைப்பவருக்கு உடைமையுரிமை தராது, பயன்படுத்தும் உரிமையை மட்டும் விலையின்றி அரசு வழங்கிற்று. அங்கு நிலம் அரசினது. இங்கு மனை தனியாரது. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் உழைத்துச் சேர்த்த காசில் ஐந்து சென்ட் வாங்கியவர், பிறரை உள்ளே விட்டால் மனை போய்விடுமோ என அஞ்சுகிறார். அவ்வச்சத்தைப் பழித்தல் முறையன்று. 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டத்தின்படி, தனியார் நிலத்தை 12 ஆண்டுகள் எதிரிடையாக அனுபவித்தவர் உரிமை கோர இடமுண்டு. ஆனால் உடையவர் எழுதித் தந்த அனுமதியின்பேரில் இருப்பவரின் அனுபவம் எதிரிடை ஆகாது. ஆகவே அஞ்சவேண்டியது வாய்ச்சொல்லையே, எழுத்தையன்று. குத்தகை என்னாது, ஓராண்டு அனுமதி என எழுதிப் புதுப்பித்து வந்தால் போதும். சிறுகீரை ஒரு மாதத்திற்குள் அறுவடைக்கு வரும். வெண்டை ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கும். உடையவர் வீடு கட்ட விழைந்தால் ஒரு பருவம் பொறுத்தால் ஆயிற்று. கணவரை இழந்து பிள்ளைகளோடு வாழும் ஒரு பெண்ணுக்கு அப்பருவங்களின் கீரைக்காசு சிறிதன்று.

சாக்கடை நீர் பாயும் மனையும், பட்டறைக் கழிவு கொட்டிய மனையும் விலக்கத்தக்கன. மற்றவற்றிற்கு அனுமதிக் கடிதத்தின் வாசகத்தை நல்ல தமிழில் எழுதித்தர எம் துறை மாணவர்களே போதும். வழக்கறிஞர் ஒருவர் அதனை ஒருமுறை பார்த்துத் தருதல் நலம்.