இரண்டு மடங்குன்னா, எத்தனைக்கு இரண்டு மடங்கு?

பி.காம். முதல் வருடத்திலேயே புரிந்துவிடும் விஷயம் இது. போன வருடம் ஒரு ரூபாய் லாபம் பார்த்த கம்பெனி இந்த வருடம் இரண்டு ரூபாய் லாபம் பார்த்தால் வளர்ச்சி நூறு சதவீதம்! அதை நம்பி ஒருத்தர் வீட்டை அடமானம் வைத்து ஷேர் வாங்கினால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும். ஆனால் இதே கணக்கை "ஆராய்ச்சியில் கண்டுபிடிப்பு" என்று தலைப்புப் போட்டுச் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. பயப்படுகிறார்கள். அப்புறம் படித்தவர்கள் எல்லாம் ஒன்றுகூடி, "இந்த ஜனங்களுக்கு அறிவியல் அறிவே கிடையாது" என்று ஜனங்களைத் திட்ட ஆரம்பிக்கிறார்கள்.

அந்தத் திட்டு போய்ச் சேர வேண்டிய விலாசம் வேறு.

1995 அக்டோபர் 18, பிரிட்டன். அந்நாட்டு மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் அவசர எச்சரிக்கை விட்டது. மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகளைச் சாப்பிடும் பெண்களுக்குக் காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் ஆபத்து, பழைய மாத்திரைகளோடு ஒப்பிட்டால் சுமார் இரண்டு மடங்கு. டாக்டர்கள், மருந்துக் கடைக்காரர்கள், சுகாதார அதிகாரிகள் என்று 1,90,000 பேருக்குக் கடிதம் போனது. கடிதம் போய்ச் சேருவதற்குள் டிவியும் ரேடியோவும் முந்திக்கொண்டன. பல டாக்டர்களுக்கே விஷயம் டிவி பார்த்துத்தான் தெரிந்தது. அந்த மாத்திரைகளை அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஏறக்குறைய 15 லட்சம் பேர்.

இப்போது அதில் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். வயது இருபத்து மூன்று என்று வைத்துக்கொள்வோம். வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறாள், டிவியைப் போடுகிறாள். தினமும் ராத்திரி விழுங்கும் மாத்திரை உயிருக்கே உலை வைக்கும் வாய்ப்பு இரண்டு மடங்கு என்கிறார்கள். அவள் என்ன செய்ய வேண்டும்? குழுவின் ஆலோசனையில் "திடீரென்று நிறுத்த வேண்டாம், டாக்டரைப் பாருங்கள்" என்றும் இருந்தது, உண்மைதான். பாம்பு பாம்பு என்று கத்திவிட்டு, ஓடாதே, உட்கார்ந்து யோசி என்பது மாதிரி. அவள் நிறுத்தினாள். அவளைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் நிறுத்தினார்கள். கையில் கொடுக்கப்பட்ட எண்ணை வைத்துக்கொண்டு எந்தப் புத்திசாலியும் அதைத்தான் செய்திருப்பான்.

கொடுக்கப்படாத எண்கள் நாலே நாலு. பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். ஒரு வருடத்தில் ஒரு லட்சம் பெண்களை எடுத்துக்கொண்டால், மாத்திரையே சாப்பிடாதவர்களில் சுமார் 5 பேருக்கு இந்த ரத்த உறைவு வரும். பழைய மாத்திரை சாப்பிடுபவர்களில் 15 பேருக்கு. புது மாத்திரை என்றால் 30 பேருக்கு. கர்ப்பமான பெண்களில்? 60 பேருக்கு!

அதாவது 15, 30 ஆனது. இரண்டு மடங்கு என்பது பொய்யே இல்லை. 7,000 பேரில் ஒருவர் என்று இருந்தது 7,000 பேரில் இருவர் ஆனது, அவ்வளவுதான். ஆனால் 30-க்குப் பயந்து மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஏற்பாடும் இல்லாதவள் எங்கே போய் விழுவாள்? 60-ல்.

விழுந்தார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் 1990-லிருந்து குறைந்துகொண்டே வந்த கருக்கலைப்பு எண்ணிக்கை சட்டென்று திரும்பி மேலே ஏறியது. அடுத்த ஒரு வருடத்தில் மட்டும் கூடுதலாக நடந்தவை சுமார் 13,000 என்பது மதிப்பீடு. கிட்டத்தட்ட அதே அளவுக்கு எதிர்பாராத பிரசவங்கள். பதினாறு வயது நிரம்பாத சிறுமிகளில் கூடுதலாகக் கருவுற்றவர்கள் சுமார் 800 பேர். (அரசாங்கத்துக்குக் கருக்கலைப்புச் செலவு 40 லட்சம் பவுண்டிலிருந்து 60 லட்சம் பவுண்டு வரை கூடியது. காமர்ஸ்காரர்களுக்காக இந்த வரி.)

"அப்படியானால் ஆராய்ச்சி முடிவை மூடி மறைத்திருக்க வேண்டுமா?" என்று உடனே ஒரு கேள்வி கிளம்பும். நியாயமான கேள்வி. மறைத்து, பின்னால் வெளியே வந்திருந்தால் அந்தக் குழுவை உயிரோடு கொளுத்தியிருப்பார்கள். மறைக்கச் சொல்லவில்லை. முழுசாகச் சொல்லியிருக்க வேண்டும். "இரண்டு மடங்கு" என்று சொல்ல வாய் திறந்தவர்கள், அடுத்த மூச்சில் "15-லிருந்து 30" என்று சொல்வதற்கு எத்தனை விநாடி ஆகும்? மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தில்கூட கடைசியில் ஒருத்தர் மூச்சுவிடாமல் "சந்தை அபாயங்களுக்கு உட்பட்டது" என்று ஒப்பித்துவிட்டுத்தான் போகிறார். பணத்துக்கு இருக்கிற அந்த மரியாதை உடம்புக்கு இல்லை.

இதில் ஜனங்கள் திட்டு வாங்கும் இன்னொரு விதமும் உண்டு. பயந்தால் முட்டாள், பயப்படாவிட்டால் அலட்சியம்!

2015 அக்டோபரில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, பேக்கன், சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியை முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலை இருக்கும் அதே பிரிவு. "சாசேஜும் சிகரெட்டும் ஒன்று" என்று உலகம் பூராவும் தலைப்புகள். தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்றார்கள். பிரிட்டன் கணக்குப்படி நூறு பேரில் ஆறு பேருக்கு வாழ்நாளில் எப்படியும் வரக்கூடிய நோய் அது. 18 சதவீதம் கூடினால் ஏழு பேர். அந்த முகமை பிரிப்பது ஆபத்தின் அளவை வைத்து அல்ல, ஆதாரத்தின் உறுதியை வைத்து. ஆடிட்டர் "இந்தக் கம்பெனிக்குக் கடன் இருப்பது நிச்சயம்" என்று கையெழுத்துப் போடுவது மாதிரி. கடன் நூறு ரூபாயா, நூறு கோடியா என்பது வேறு பக்கத்தில் இருக்கும். உலக சுகாதார அமைப்பே எடுத்துக்காட்டிய மதிப்பீட்டில், பதப்படுத்திய இறைச்சி அதிகமான உணவால் உலகில் வருடத்துக்கு 34,000 புற்றுநோய் மரணங்கள். புகையிலையால் சுமார் 10 லட்சம். இரண்டும் ஒன்றா?

இப்படி நாலு தடவை கேட்டவன் ஐந்தாவது தடவை "இவனுங்க இன்னைக்கு ஒண்ணு சொல்வானுங்க, நாளைக்கு ஒண்ணு சொல்வானுங்க" என்று சொல்லிவிட்டு டீயை ஊதிக் குடிக்கப் போய்விடுகிறான். காபியையும் அதே முகமை 1991-ல் சந்தேகப் பட்டியலில் வைத்து 2016-ல் எடுத்துவிட்டது. (அதே 2016-ல் 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதைப் பட்டியலில் சேர்த்தது. ஊதிக் குடிப்பது நல்லதுதான் போல.) புது ஆதாரம் வந்தால் முடிவை மாற்றுவது அறிவியலின் யோக்கியம். முதல் தடவையே அளவைச் சொல்லியிருந்தால் அவனுக்கு அது யோக்கியமாகவே தெரிந்திருக்கும். ஏமாற்று வேலையாகத் தெரிவதற்கு அவன் காரணம் இல்லை.

சரி, எண்ணை முழுசாகச் சொல்லத் தெரியாமல்தான் சொல்வதில்லையா? நன்றாகவே தெரியும். பைசர் கம்பெனியின் லிபிட்டார், ஒரு காலத்தில் வருடத்துக்கு 1,000 கோடி டாலருக்கு மேல் விற்ற கொழுப்புக் குறைப்பு மாத்திரை. அமெரிக்க விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது, மாரடைப்பு ஆபத்து 36 சதவீதம் குறையும் என்று. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அதைத் தேடிக் கீழே பொடி எழுத்துக்குப் போனால், ஆய்வில் வெறும் சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவர்களில் 3 சதவீதம் பேருக்கு மாரடைப்பு வந்தது, லிபிட்டார் சாப்பிட்டவர்களில் 2 சதவீதம் பேருக்கு. இரண்டு எண்ணும் ஒரே பக்கத்தில்தான் இருந்தன. எதைப் பெரிசாகப் போட வேண்டும் என்பது அங்கே யாருக்கோ மிகத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

அந்தக் கருத்தடை மாத்திரை விஷயம் என்ன ஆயிற்று என்றால், 1999 ஏப்ரலில் பிரிட்டன் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. ஆபத்து கூடுதல்தான், ஆனால் மிகச் சிறியது. பெண்ணிடம் விளக்கமாகச் சொல்லிவிட்டு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அந்த "விளக்கமாகச் சொல்லிவிட்டு" வருவதற்கு மூன்றரை வருடம் ஆனது.