எட்டுப் புள்ளி

விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளைச் சேகரிப்பது அமெரிக்காவில் பெரிய வியாபாரம். படம் நடுவில் இருக்கிறதா, மூலைகள் மழுங்கியுள்ளனவா, ஓரம் தேய்ந்துள்ளதா, மேற்பரப்பில் கீறல் உண்டா என்று பார்த்து, பத்துக்கு இத்தனை என்று புள்ளியிட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் மூடிவிடுவார்கள். ஒரு புள்ளி கூடினால் விலை எங்கேயோ போய்விடும்.

1991இல் பிஎஸ்ஏ நிறுவனம் முதன்முதலாகத் தரமிட்டது, ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்போல் வீரரின் அட்டைக்கு. எட்டுப் புள்ளி. ஆனால் அதன் ஓரங்களைத் தானே வெட்டியதாக, முன்பு அதை விற்ற வியாபாரி 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். விதிப்படி வெட்டிய அட்டைக்குப் புள்ளியே கிடையாது!

புள்ளியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்குபவர் ஏமாறாதிருக்க ஓர் அளவு வேண்டும். ஆனால் அது ஒருவர் ஒருநாள் பார்த்த பார்வை மட்டுமே. ஒரு பிள்ளை ஆசையோடு வைத்து விளையாடி மூலை மழுங்கிய அட்டைக்கு இரண்டோ மூன்றோதான் கிடைக்கும். பெற்றோரே, பரீட்சைப் பெறுபேறு வரும் நாளில் இதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.