காவிரியை நடந்து பார்ப்போம்

தமிழ்ச் சங்கச் சுற்றுலா என்றதும் நம் கண்முன் வரும் காட்சி ஒன்றுதான். காலை ஆறு மணிக்கு இரண்டு பேருந்துகள். மடியில் புளியோதரைப் பொட்டலம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அரை மணி, ரங்கனதிட்டில் ஒரு மணி, மாலையில் கிருஷ்ணராஜசாகரத்து வண்ண நீரூற்று. இரவு பத்து மணிக்கு உறங்கும் குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறோம். மறுநாள் அந்தக் குழந்தையிடம் "காவிரியைப் பார்த்தாயா?" என்று கேட்டால் நீரூற்றைத்தான் சொல்லும். அது தவறில்லை. நாம் காட்டியது அதைத்தான்.

மைசூரில் வாழும் தமிழர்களுக்கு வேறெங்கும் வாழும் தமிழர்களுக்குக் கிடைக்காத பாக்கியம் ஒன்று உண்டு. தஞ்சையிலும் திருச்சியிலும் நம் பாட்டன் பாட்டிமார் வணங்கிய அதே ஆறு, இங்கிருந்து பதினைந்து கிலோமீட்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதிரங்கம், சிவசமுத்திரம் மத்தியரங்கம், ஸ்ரீரங்கம் அந்தியரங்கம் என்று பெரியவர்கள் ஒரே மாலையில் கோத்து வைத்திருக்கிறார்கள். ஐப்பசி துலா ஸ்நானம் மயிலாடுதுறையிலும் உண்டு, இங்கும் உண்டு. ஆனால் நம் பிள்ளைகளுக்குக் காவிரி என்றால் என்ன? செய்தித்தாளில் வரும் வழக்கு. கன அடிக் கணக்கு. பந்த் நடக்கும் நாளில் பள்ளி விடுமுறை. 1991-லும் 2016-லும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அதன் பின் அந்தப் பெயரையே தணிந்த குரலில் சொல்லப் பழகிவிட்டோம். தாய் என்று வணங்கிய ஆற்றின் பெயரைச் சொல்லத் தயங்கும் நிலை நம் பிள்ளைகளுக்கும் வரவேண்டுமா?

ஆகவே என் யோசனை இது. வருகிற ஆண்டுச் சுற்றுலாவில் பேருந்தை விட்டு இறங்குவோம். காவிரிக் கரையை நடந்தும் சைக்கிளிலும் பார்ப்போம். ஒரே நாளில் அல்ல. பகுதி பகுதியாக, வருடத்துக்கு ஒரு பகுதியாக.

"அதற்குப் பாதை எங்கே இருக்கிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இங்கிலாந்தில் தேம்ஸ் நதியோரம் 184 மைல் நடைபாதை 1996-ல் திறக்கப்பட்டது. ஐரோப்பாவில் டான்யூப் நதிக்கரையில் பாஸாவிலிருந்து வியன்னா வரை குடும்பம் குடும்பமாகச் சைக்கிளில் போகிறார்கள். ஆனால் அவற்றில் பெரும்பகுதி புதிதாகப் போட்ட பாதை அல்ல. குதிரைகளைக் கட்டிப் படகை இழுத்துச் சென்ற பழைய கரைவழிகளைத்தான் அவர்கள் நடைபாதையாக்கிக் கொண்டார்கள். நம்மிடமும் அப்படிப்பட்ட பழைய வழிகள் இருக்கின்றன. அவை மைசூர் மன்னர்கள் வெட்டிய வாய்க்கால்களின் கரைகள். விரிஜா நாலை, சிக்கதேவராஜ சாகர நாலை, பங்காரதொட்டி நாலை எல்லாம் அணைக்கட்டுகளிலிருந்து பிரிந்து ஆற்றுக்குத் துணையாக ஓடுகின்றன. கரையில் மாட்டு வண்டியும் கரும்பு வண்டியும் போகின்றன. நாமும் போகலாம்.

முதல் வருடம், முதியோரும் சிறுவரும் வரக்கூடிய பகுதி: ஸ்ரீரங்கப்பட்டணத் தீவு. மைசூரிலிருந்து ரயிலில் ஏறினால் கோட்டைக்குள்ளேயே இறங்கலாம். இந்த ரயில் பாதையை இரட்டையாக்குவதற்காகத் திப்புவின் ஆயுதக் கிடங்கு ஒன்றை 2017-ல் இடிக்காமல் அப்படியே முழுதாக நகர்த்தி வைத்தார்கள். பிள்ளைகளுக்கு அதை அவசியம் காட்டவேண்டும். அரங்கனைச் சேவித்துவிட்டு, திவான் பூர்ணையா காலத்தில் 1804-ல் கட்டி முடிந்த வெல்லெஸ்லி கல்பாலத்தைப் பார்த்து, 1784-ல் கட்டிய தரியா தௌலத் தோட்டம், ஐதரும் திப்புவும் உறங்கும் கும்பஸ், கஞ்சாம் நிமிஷாம்பா கோயில், கடைசியில் ஆற்றின் இரு கிளைகளும் மீண்டும் சேரும் சங்கமம். நின்று நின்று நடந்தாலும் அரை நாள்தான். களைத்தவர்கள் வழியில் ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இரண்டாம் வருடம் சைக்கிள். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ரங்கனதிட்டு, பெளகொள, பலமுரி வழியாக மேல்நோக்கி அணை வரை. ரங்கனதிட்டின் தீவுகளே இயற்கையாக உண்டானவை அல்ல. 1640-களில் கண்டீரவ நரசராஜ உடையார் ஆற்றின் குறுக்கே அணை கட்டியதால் உண்டானவை. பறவை அறிஞர் சலீம் அலி எடுத்துச் சொன்னதன் பேரில் 1940-ல் சரணாலயமாயிற்று. 2022-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. சங்குவளை நாரையும் கரண்டிவாயனும் கூடு கட்டும் காலத்தில் போனால் திரும்ப மனம் வராது. பாதையின் முடிவில் 1911-ல் தொடங்கி இருபது ஆண்டுகள் கட்டிய கிருஷ்ணராஜசாகரம். பேருந்தில் போய்ப் பார்க்கும் அணை வேறு; வாய்க்கால் நீரின் எதிர்த்திசையில் சைக்கிள் மிதித்து வந்து சேரும்போது பார்க்கும் அணை வேறு.

மூன்றாம் வருடம், கபினி வந்து கலக்கும் திருமகூடலு நரசிபுரத்திலிருந்து முடுக்குத்தொரை வழியாகத் தலக்காடு. சோழர் காலத்தில் ராஜராஜபுரம் என்று பெயர் பெற்ற ஊர் அது. 1116-ல் ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் அதைக் கைப்பற்றி 'தலக்காடு கொண்ட' என்று பட்டம் சூட்டிக்கொண்டான். மணல்மேட்டில் நின்று இந்தக் கதையைச் சொன்னால், தமிழும் கன்னடமும் இந்தக் கரையில் எத்தனை நூற்றாண்டுகளாக உறவாடியும் மோதியும் வந்திருக்கின்றன என்பது பாடப் புத்தகம் இல்லாமலே புரியும்.

காலம் முக்கியம். ஆடிப் பெருக்கு நமக்கு விசேஷம்தான். ஆனால் அணை நிரம்பி நீர் திறக்கும் நாட்கள் பெரும்பாலும் அதையொட்டியே வரும். அப்போது வெல்லெஸ்லி பாலத்தை மூடுவதும், ரங்கனதிட்டில் படகை நிறுத்துவதும் உண்டு. கரைப் பயணத்துக்குக் கார்த்திகை முதல் மாசி வரைதான் ஏற்றது. புதிய பெங்களூரு நெடுஞ்சாலையின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்டு முதல் சைக்கிளுக்கும் இருசக்கர வண்டிக்கும் அனுமதியில்லை. பக்கச் சாலையில்தான் போகவேண்டும். எங்கும் ஆற்றில் இறங்கிக் குளிப்பதில்லை என்பதை முதல் விதியாக வைக்கவேண்டும். ரங்கனதிட்டில் முதலைகள் உண்டு. பலமுரியில் நீர் பார்க்கச் சாதுவாக இருக்கும், ஆளை இழுத்துவிடும்.

வாய்க்கால் கரையையும் இலேசாக நினைக்கக்கூடாது. 2018 நவம்பரில் பாண்டவபுரம் தாலுகா கனகனமரடி அருகே விஸ்வேஸ்வரய்யா கால்வாயில் பேருந்து விழுந்து 30 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் பள்ளிக் குழந்தைகள். ஆகவே அரசிடம் நாம் ஏதாவது கேட்பதானால், சலவைக்கல் பதித்த அலங்கார நடைபாதையைக் கேட்கவேண்டாம். வளைவுகளில் தடுப்புச் சுவர், இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு நிழல் மரம், குடிநீர், பெண்களுக்குக் கழிப்பிடம், ஊர்ப் பெயர்ப் பலகை. இவ்வளவு போதும். கரையைச் சிமெண்டால் மூடினால் நடக்க வசதியாக இருக்கும். ஆனால் ஆறு சாக்கடை மாதிரி ஆகிவிடும்.

கேட்பதற்கு முன் நாம் செய்யவேண்டியதும் உண்டு. பச்சிமவாகினியிலும் சங்கமத்திலும் படித்துறையைப் பாருங்கள். ஈமக்கடன் முடித்து விட்டுப்போன துணி, மண்சட்டி, பிளாஸ்டிக் பை. 1948-ல் காந்தியடிகளின் அஸ்தியைக் கரைத்த பச்சிமவாகினிக்கே அந்தக் கதி. அவற்றை விட்டுச்சென்றவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறுக்க முடியுமா? நடைப் பயணத்தன்று ஆளுக்கு ஒரு கோணிப்பை எடுத்துச் சென்று, அள்ள முடிந்ததை அள்ளி வருவோம்.

கடைசியாக ஒன்று. இந்தப் பயணத்தைத் தமிழர் மட்டும் போகும் பயணமாக வைக்கவேண்டாம். ஒவ்வொரு குடும்பமும் பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பம் ஒன்றையாவது அழைத்து வரட்டும். ஆற்றைப் பங்கு போடும் காரியம் நீதிமன்றத்தில் நடக்கிறது. அது நம் கையில் இல்லை. ஒரே மரத்தடியில் அவர்கள் கொண்டுவந்த சித்ரான்னத்தையும் நம் புளியோதரையையும் பங்கு போட்டுச் சாப்பிடுவது நம் கையில் இருக்கிறது. அப்படி நடந்து வளர்ந்த பிள்ளைகள், இன்னொரு கசப்பான நாள் வந்தாலும், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டத் தயங்கமாட்டார்கள்.

செயற்குழு அன்பர்கள் அடுத்த கூட்டத்தில் பேருந்து வாடகையைப் பேசுமுன் இதையும் சற்றுப் பேசவேண்டும். பத்துக் குடும்பங்கள் கிளம்பினால் போதும். முதல் ரயிலுக்கு நான் டிக்கெட் வாங்கத் தயார்.