திராட்சைத் தோலில் இருக்கு சூட்சுமம்!

மதுரை மாட்டுத்தாவணி பழ மார்க்கெட்டில் கருநீலப் பன்னீர் திராட்சையைப் பார்த்திருப்பீர்கள். தேனி மாவட்டம், கம்பம் பள்ளத்தாக்கின் பெருமை அது. 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சாப்பிடும்போது தோலைத் துப்பிவிடுகிறோம். ஆனால், சிவப்பு ஒயின் தயாரிப்பில் தோலுக்குத்தான் மவுசு!

திராட்சைச் சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றும். அடுத்து, 'ஈனோகாக்கஸ் ஈனி' என்ற பாக்டீரியா களமிறங்கும். புளிப்பு தூக்கலான மாலிக் அமிலத்தை, மிதமான லாக்டிக் அமிலமாக மாற்றும். நம் வீட்டுத் தயிரில் இருக்கும் அதே அமிலம்தான்!

உறைமோர் சரியில்லை என்றால் பால் உறையாது அல்லவா? அதுபோல இந்த பாக்டீரியாவும் சில சமயம் முரண்டு பிடிக்கும். தோலிலும் விதையிலும் உள்ள டானின், சில ஃபீனாலிக் அமிலங்கள் அளவு மீறினால் அதை அடக்கிவிடும். காலிக் அமிலம் போன்றவை அளவோடு இருந்தால் ஊக்கமும் தரும்.

இந்த வேலை முடியும் முன்பே பாட்டிலை மூடினால், உள்ளே மறுபடியும் நொதித்து வாயு சேரும்; ஒயின் கலங்கும், கார்க்கும் பிதுங்கலாம். அதனால்தான் மாலிக் அமிலம் தீர்ந்துவிட்டதா என்று பரிசோதித்த பிறகே பாட்டிலில் அடைக்கிறார்கள்.

'வீட்டிலேயே செய்து பார்க்கலாமே' என்கிறீர்களா? தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். பேசாமல், பழத்தை நன்றாகக் கழுவி, தோலோடு சாப்பிடுங்க மக்களே!