குறை கண்ணிலா, கேமராவிலா? அப்பாவின் நிக்கானுக்கு ஒரு புது ஸ்க்ரீன்!

``எனக்குக் கண்ணு போயிடுச்சு பாப்பா. இதை யாருக்காவது குடுத்துடு.''

பொங்கல் முடிந்த அடுத்த வாரம், இப்படிச் சொல்லித்தான் அப்பா தன் கேமராவை என் பக்கம் நகர்த்திவைத்தார். நிக்கான் எஃப்எம்2. மன்னார்குடியில் ஸ்டூடியோ வைத்திருந்த காலத்தில் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று ஊரில் பாதி வீட்டு ஆல்பங்களை எடுத்த கேமரா. டிஜிட்டல் வந்ததும் பீரோவுக்குள் போய்விட்டது. இந்தப் பொங்கலுக்கு நான்தான் ஒரு கோடாக் கோல்டு 200 ரோல் வாங்கிக் கொடுத்து, ``எடுங்கப்பா'' என்று வம்படியாக வெளியே எடுக்கவைத்தேன்.

ரோலைக் கழுவி, ஸ்கேன் செய்த படங்கள் என் போனுக்கு வந்தன. 36-ல் 14 ஃபோகஸ் அவுட். பாட்டியின் முகம் மங்கல், பின்னால் இருக்கும் காலண்டர் பளிச். அப்பா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். எதுவும் பேசவில்லை. பிறகு சொன்னதுதான் மேலே இருக்கும் வரி.

14 படங்கள் சொன்ன சேதி

படங்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தேன். வெயிலில் எடுத்த வாசல் கோலம், தெரு, மாடு எல்லாம் துல்லியம். வீட்டுக்குள், மங்கிய வெளிச்சத்தில், லென்ஸை முழுக்கத் திறந்துவைத்து பக்கத்தில் நின்று எடுத்தவை மட்டும்தான் சொதப்பல். லென்ஸ் கெட்டிருந்தால் வெயில் படங்களிலும் ஏதாவது தெரிந்திருக்கும்.

கேமராவை என் கண்ணில் வைத்துப் பார்த்தேன். எனக்கு வயது 26. எனக்கே சரியாகத் தெரியவில்லை! நடுவில் புகை படிந்ததுபோல ஒரு மங்கல், சுற்றிலும் கீறல்கள், கறுப்புப் புள்ளிகள். அப்பாவிடம் கேட்டேன். ``ஒரு கல்யாணத்துல ஒரே ஹோமப் புகை. லென்ஸ் மாத்துறப்போ உள்ள கர்சீப்பால துடைச்சேன்'' என்றார், ஸ்கூல் பையன் மாதிரி.

துடைத்த இடம் ஃபோகஸிங் ஸ்க்ரீன்.

அது என்ன வேலை செய்கிறது?

எஸ்எல்ஆர் கேமராவின் வியூஃபைண்டரில் நாம் பார்ப்பது எதிரே நிற்கும் ஆளை நேரடியாக அல்ல. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம், உள்ளே சாய்ந்திருக்கும் மிரரில் பட்டு மேலே திரும்பி, சொரசொரப்பான ஒரு சின்னத் தகட்டில் பிம்பமாக விழுகிறது. அந்தப் பிம்பத்தைத்தான் நாம் பார்க்கிறோம். சினிமா தியேட்டரில் திரை அழுக்கானால் படம் எப்படித் தெரியும்? அதே கதைதான்.

எஃப்எம்2-வில் வரும் ஸ்க்ரீனின் நடுவே 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு வட்டம் உண்டு. ஃபோகஸ் சரியில்லை என்றால் தூணோ, கதவு நிலையோ அந்த வட்டத்துக்குள் இரண்டாக உடைந்து தெரியும். லென்ஸைத் திருகத் திருக, இரண்டும் ஒன்று சேரும். சேர்ந்தால் கிளிக். அப்பா காலத்து ஆட்டோஃபோகஸ் இதுதான். அப்பாவின் கேமராவில் அந்த வட்டமே கீறலுக்குள் மறைந்திருந்தது.

1982-ல் வந்த எஃப்எம்2-வில் இந்த ஸ்க்ரீனை நாமே கழற்றி மாற்றலாம். கூடவே வந்தது கே2. 2001-ல் எஃப்எம்3ஏ கேமராவுக்காக நிக்கான் கொண்டுவந்த கே3, இன்னும் பிரகாசமானது. எஃப்எம்2-விலும் அது உட்காரும். சிங்கப்பூரில் இருக்கும் அத்தை மகன் ஒன்றை வாங்கி அனுப்பினான். இரண்டு, மூன்று ரோல் வாங்கிக் கழுவும் செலவுதான் ஆனது.

முதலில் கண் டாக்டர்

ஸ்க்ரீன் வருவதற்குள் அப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஒரு கண்ணில் புரை ஆரம்பம், இப்போதைக்கு ஆபரேஷன் தேவையில்லை என்றார். இன்னொரு விஷயமும் புரிந்தது. அப்பாவின் கண்ணாடியில் கீழ்ப்பாதி படிப்பதற்கான பவர். வியூஃபைண்டர் பிம்பமோ, சுமார் 1 மீட்டர் தள்ளி இருக்கும் பொருளைப் பார்ப்பது போன்ற கணக்கில் அமைந்தது. அப்பா இத்தனை நாளும் கீழ்ப்பாதி வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தார். கேமராவைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து மேல்பாதி வழியாகப் பார்க்கச் சொன்னதிலேயே பாதிப் பிரச்னை தீர்ந்தது.

மாற்றியது இப்படித்தான்

ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்தோம். லென்ஸைக் கழற்றினால் மேலே ஒரு சின்னக் கொக்கி தெரியும். ட்வீஸரால் அதை மெல்லத் தள்ளினால், ஸ்க்ரீன் இருக்கும் ஃப்ரேம் கீழே இறங்கும். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் காதைப் பிடித்து எடுக்க வேண்டும். எந்தப் பக்கம் கீழே இருந்தது என்பதை போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டோம். புதியதை வைத்து, ஃப்ரேமை மேலே தள்ளினால் `க்ளிக்'. ஐந்து நிமிட வேலை.

செய்யக்கூடாதவை மூன்று. விரல் படக்கூடாது. துணி, ஸ்பிரிட் எதுவும் ஆகாது. தூசு இருந்தால் கைப்பம்பால் காற்று மட்டும் அடிக்கலாம். மிரரைத் தொடக்கூடாது. நாங்கள் பார்த்த கறுப்புப் புள்ளிகள், மிரர் மோதும் இடத்தில் இருக்கும் பழைய ஸ்பாஞ்ச் உளுத்துக் கொட்டியவை. அதை மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றினோம்.

எல்லா கேமராவிலும் இது முடியாது. ஒலிம்பஸ் ஓஎம்-1, பென்டாக்ஸ் எம்எக்ஸ் போன்றவற்றில் வீட்டிலேயே மாற்றலாம். பென்டாக்ஸ் கே1000, கேனன் ஏஇ-1 என்றால் மெக்கானிக் வேலை.

மாற்றியபின் இரண்டு டெஸ்ட்

ஒன்று, மீட்டர். எஃப்எம்2-வின் லைட் மீட்டர், ஸ்க்ரீனில் விழும் வெளிச்சத்தைத்தான் அளக்கிறது. ஸ்க்ரீன் பிரகாசமானால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்து, படத்தை இருட்டாக்கிவிடலாம். அதனால் மாற்றும் முன்னும் பின்னும், ஒரே வெள்ளைச் சுவரை ஒரே வெளிச்சத்தில் அளந்து பார்த்தோம். எங்கள் கேமராவில் மாற்றம் இல்லை. உங்களுடையதில் மூன்றில் ஒரு ஸ்டாப் குறைகிறது என்றால், 200 ஃபிலிமுக்கு டயலை 160-ல் வையுங்கள்.

இரண்டு, ஃபோகஸ். மிரரிலிருந்து ஸ்க்ரீனுக்கும் ஃபிலிமுக்கும் ஒரே தூரம் இருக்க வேண்டும். மயிரிழை மாறினாலும் கண்ணுக்கு ஒன்று, ஃபிலிமுக்கு ஒன்று எனத் தெரியும். ஐந்து தீப்பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்வாக அடுக்கி, லென்ஸை முழுக்கத் திறந்து, நடுப்பெட்டிக்கு ஃபோகஸ் செய்து எடுத்தோம். நடுப்பெட்டியே துல்லியமாக வந்தது.

பிரகாசம் மட்டும் பார்த்து ஸ்க்ரீன் வாங்காதீர்கள். ரொம்பவும் பிரகாசமானவற்றில் சொரசொரப்பு குறைவு. படம் பளிச்சென்று தெரியும், ஆனால் எது ஃபோகஸில் இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

இரண்டாவது ரோல்

சாயங்காலம், அடுக்களையில் ஒரே ஒரு பல்பு. அம்மா முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார். அப்பா கதவோரம் நின்று, லென்ஸைத் திருகினார், கொஞ்சம் பின்னால் வந்தார், நிறுத்தினார். அந்தப் படத்தில் அம்மாவின் விரல் மாவு வரைக்கும் தெரிகிறது.

இந்த முறை 36-ல் ஃபோகஸ் அவுட் 4. அதில் இரண்டு, அக்கா பையன் ஓடியதால். ``கேமராவை யாருக்குப்பா குடுக்கலாம்?'' என்று சும்மா சீண்டினேன்.

போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலேயே சொன்னார்: ``முதல்ல இன்னொரு ரோல் வாங்கிட்டு வா.''