மூச்சடைத்துச் செத்தவனை முனியா அடித்தது?

தூர் எடுப்பதற்காகப் பாழுங்கிணற்றில் ஒருவன் இறங்குகிறான். பேச்சு மூச்சின்றி விழுகிறான். அவனைத் தூக்க இறங்கிய தம்பியும் விழுகிறான். உடனே ஊரார் சொல்லுவதென்ன? "முனி அடித்துவிட்டது" என்கிறார்கள். பூசாரி ஆடு கேட்கிறான். கொஞ்சம் படித்தவர்களோ, "அவன் தலைவிதி அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விடுகிறார்கள். முனி என்பதும் விதி என்பதும் நமக்கு ஒன்றேதான். இரண்டும் காரணத்தைத் தேடாமலிருப்பதற்குச் சொல்லும் சாக்கேயாகும்.

காரணம் தேடியவர்கள் செய்ததைப் பார்ப்போம். இங்கிலாந்தில் பாயில் என்பவர், கண்ணாடிக் கலத்துக்குள் பறவையை விட்டுக் காற்றைப் பம்பினால் இறைத்துவிட்டால் அது துடித்து விழுவதை 1660-ல் வெளியிட்ட புத்தகத்தில் எழுதினார். 1674-ல் மேயோ என்பவர், எலி மூச்சு விடுவதற்கும் மெழுகுவத்தி எரிவதற்கும் காற்றின் ஒரே பாகந்தான் செலவாகிறது என்று காட்டினார். 1774-ல் பிரீஸ்ட்லி அந்த வாயுவைத் தனியே பிரித்தெடுத்தார்; பின்னர் அதில் எலி அதிக நேரம் பிழைத்திருப்பதைக் கண்டார். இவர் ஒரு பாதிரியார். ஆனால் அவர்கூட எலியைத்தான் கேட்டாரே தவிர வேதத்தைக் கேட்கவில்லை. பிரான்சில் லவாய்சியே அதற்கு ஆக்ஸிஜன் என்று பெயர் வைத்து, மூச்சு விடுவது உடம்புக்குள் நடக்கும் ஒரு மெதுவான எரிதலே என்று அளந்து காட்டினார். இவர்களில் ஒருவருக்கும் அசரீரி கேட்கவில்லை.

"பிராணவாயு என்ற பெயர் அன்றே நம் சாஸ்திரத்தில் இருக்கிறதே" என்று வைதீகர்கள் சொல்லக்கூடும். பெயர் இருக்கிறது, சரி. பரிசோதித்த எலி எங்கே? கலம் எங்கே? காற்றில் நூற்றுக்குச் சுமார் 21 பங்கு அந்த வாயு என்ற கணக்கு எங்கே? உடம்பில் ஓடும் வாயுக்களுக்கு ஒன்றாகச் சொல்லி வந்த பெயரைப் பின்னால் வந்தவர்கள் எடுத்து ஆக்ஸிஜனுக்குச் சூட்டினார்கள். பிள்ளை பெற்றவன் ஒருவன். பெயரை வைத்துக்கொண்டு சொத்துக் கேட்பவன் இன்னொருவன்!

நிற்க. அந்த வாயு குறைந்தால் மனிதனுக்கு என்ன ஆகிறது என்பதைச் சிலர் உயிரைக் கொடுத்தே கற்றுத் தந்தார்கள். 1875 ஏப்ரல் 15-ந் தேதி பிரான்சில் ஜெனித் என்ற பலூனில் மூவர் 8,000 மீட்டருக்கு மேல் ஏறினார்கள். ஆக்ஸிஜன் கலந்த காற்றுப் பைகள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தன. ஆனால் எடுக்கக் கை எழவில்லை. குரோசே ஸ்பினெல்லியும் சிவெலும் மாண்டார்கள். பிழைத்த திசாந்தியே, அந்த உயரத்தில் தனக்கு வலியோ பயமோ இல்லை, ஆனந்தமே இருந்தது என்று எழுதினார். கொண்டுபோகும் வாயு போதாது என்று எச்சரித்துப் பால் பெர் எழுதிய கடிதம் காலந் தாழ்ந்து வந்தது. காற்றின் அழுத்தம் குறையக் குறைய உடம்புக்கு ஆக்ஸிஜன் போதாமற் போவதே இதற்குக் காரணமென்று அவர் 1878-ல் பெரிய நூலாக எழுதி நிரூபித்தார்.

தோழர்களே, இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஆக்ஸிஜன் குறைவு பல சமயம் முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஆபத்தை உணர வேண்டிய மூளையே முதலில் மயங்கிப் போகிறது. அண்ணனுக்குப் பின்னால் தம்பியும் கிணற்றில் விழுந்ததன் ரகசியம் இதுதான், முனி அல்ல.

1896-ல் ஹால்டேன் என்பவர் இங்கிலாந்துச் சர்க்காருக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். நிலக்கரிச் சுரங்க வெடிப்பில் செத்த கூலிகளில் பெரும்பாலோர் நெருப்பினாலோ அதிர்ச்சியினாலோ சாகவில்லை. கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயுவினாலேயே செத்தார்கள் என்று அதில் காட்டினார். ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஒட்டும் இடத்தை அது ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாகப் பிடித்துக்கொள்ளும். ஹால்டேன் அதைத் தாமே முகர்ந்து பார்த்தார். சிறு பிராணிகளைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோனால் அவை முன்னதாக மயங்கி எச்சரிக்குமென்றும் சொன்னார். அதன்பின் கூண்டுக் குருவிகள் கூலிகளின் உயிரைக் காத்தன. ஆண்டவன் காக்காத உயிரைக் குருவி காத்தது!

இவ்வளவும் தெரிந்த பிறகு நம் நாட்டில் நடப்பதென்ன? மலக்குழிக்குள் மனிதனை இறக்குகிறார்கள். ஆக்ஸிஜன் குறைந்து விஷவாயு நிறைந்த குழி அது. இறங்குகிறவன் எந்தச் சாதிக்காரன் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. இறக்குகிறவன் ஒருநாளாவது தன் மகனை இறக்கியதுண்டா? 2013-ல் இதைத் தடுக்கச் சட்டம் வந்தது. செத்தவன் குடும்பத்துக்குப் பத்து லட்ச ரூபாய் என்று 2014-லும், முப்பது லட்சம் என்று 2023-லும் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. பணம் உயர்ந்தது; சாவு நிற்கவில்லை. உயிர்ச் செல்கள் ஆக்ஸிஜன் குறைவை எப்படி அறிகின்றன என்று கண்டவர்களுக்கு 2019-ல் நோபல் பரிசு கொடுத்தது உலகம். ஒரு செல்லுக்குத் தெரிந்தது ஒரு கண்டிராக்டருக்குத் தெரியாதாம்!

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். கருவி வைத்துக் காற்றைச் சோதிக்காத எந்தக் குழிக்குள்ளும் யாரும் இறங்கக் கூடாது. விளக்கு எரிவதை நம்பியும் இறங்கக் கூடாது. விஷவாயுவிலும் விளக்கு எரியும். எரியும் வாயு இருந்தால் வெடிக்கும். விழுந்தவனைத் தூக்க வெறுங்கையோடு ஒருவரும் குதிக்கக் கூடாது. மலக்குழி வேலை இயந்திரத்தின் வேலையாகவே இருக்க வேண்டும். மீறி மனிதனை இறக்கி ஒருவன் செத்தால், அதற்கு விதியென்று பெயர் சொல்லாதீர்கள். கொலை என்று சொல்லுங்கள். இறக்கியவன் யாரென்று கேளுங்கள்.