எழுத்தின் அளவு யார் கையில்?

படங்களையும் பொத்தான்களையும் தொட்டே கணினியில் காரியம் முடிக்கலாம் என்றாகிவிட்ட இக்காலத்தில், கட்டளையை எழுத்தாகத் தட்டச்சிடுவது வழக்கொழிந்த வித்தை என்பர் ஆசிரியர் சிலர். அக்கருத்து எனக்கு உடன்பாடன்று.

லினக்ஸ் கணினிகள் பலவற்றில் இயங்கும் குனோம் என்னும் மேசைத்தளத்தை எடுத்துக்கொள்வோம். பார்வை மங்கிய மாணவன் ஒருவனுக்கு எழுத்துப் பெரிதாக வேண்டும். அமைப்புகளுக்குரிய சாளரத்திலே 'பெரிய எழுத்து' என்றொரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் எழுத்து 1.25 மடங்காகும், அவ்வளவே. 1.7 மடங்கு வேண்டுமென்றால் அப்பொத்தானிடம் விடையில்லை. ஆயின் அதே அமைப்பு 0.5 முதல் 3 வரையுள்ள எம்மதிப்பையும் ஏற்க வல்லது. 'ஜிசெட்டிங்ஸ்' என்னும் கட்டளையோடு 'செட்' என்பதையும், அமைப்பின் பெயரையும், வேண்டிய எண்ணையும் ஒரே வரியில் எழுதினால் மறுகணமே திரை இணங்குகிறது. இவ்வளவு வசதியைச் செய்துவைத்தவர்கள் அதனைச் சாளரத்திலே காட்டாது விட்டதேன் என்று நான் வியப்பதுண்டு.

கணினி பழுதாகிவிடுமே என்று அஞ்சுவோர் உளர். அந்த அச்சத்துக்கு இங்கே பெரிதும் இடமில்லை. 'டிஸ்கிரைப்' என்று கேட்டால் அமைப்பின் பயனையும், 'ரேஞ்ச்' என்று கேட்டால் அதன் எல்லையையும் அதுவே சொல்லும். 3 என்பதற்குப் பதிலாக 30 என்று எழுதினால் ஏற்க மறுக்கும். 'ரீசெட்' என்றால் நாம் எழுதியதை நீக்கிப் பழைய நிலைக்கே மீளும்.

முன்னாளில் குனோம் தன் அமைப்புகளை ஜிகொன்ப் என்னும் முறையில், மனிதர் திறந்து படிக்கக்கூடிய எழுத்துக் கோப்புகளாக வைத்திருந்தது. 2011இல் வெளிவந்த குனோம் 3இலோ, டிகொன்ப் என்ற இருமக் கோப்பு அவ்விடத்தைப் பெற்றது. எழுதுவது சிறிது, படிப்பது மிகுதி. ஆதலின் விரைந்து படிப்பதற்கென்றே அமைத்தனர். கண்ணுக்குப் புலப்படாத பெட்டியிலே நம் விருப்பங்களைப் பூட்டிவிட்டார்கள் என்று அப்போது முறையிட்டவர்கள் கூறியதில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் 'டிகொன்ப் டம்ப்' என்பது அவற்றை மீண்டும் எழுத்தாக்கித் தருகிறது. 'லோட்' என்பது மற்றொரு கணினியில் ஏற்றுகிறது. வகுப்பறையின் கணினிகளை ஒவ்வொன்றாகச் சுட்டியால் திருத்தும் ஆசிரியர் இதனை அறிந்தால் ஒரு பிற்பகல் மிச்சமாகும். முழுவதையும் ஏற்றாது தேவையான கிளையை மட்டும் ஏற்றுவதே நன்று. டிகொன்ப் வழியாக நேரே எழுதும்போது, மதிப்புச் சரியா என்ற சோதனை நடைபெறுவதில்லை. ஆகவே தொடக்கத்தில் மாணவர்க்கு ஜிசெட்டிங்ஸையே கற்பிக்க வேண்டும்.

நிற்க. கணினிக்கூடத்தை நிருவகிப்பவர் எந்த அமைப்பையும் பிறர் மாற்றாதபடி பூட்டவும் டிகொன்பில் வழியுண்டு. திரையின் பின்னணிப் படத்தைப் பூட்டட்டும், நான் மறுக்கவில்லை. எழுத்தின் அளவைப் பூட்டுவது மாணவனின் கண்ணைக் கட்டுவதற்கு ஒப்பாகும். பூட்டப்பட்டுள்ளதா என்பதை 'ரைட்டபிள்' என்று கேட்டு எவரும் அறியலாம். 'போல்ஸ்' என்று விடை வருமாயின், பூட்டியவரிடம் சென்று காரணம் கேட்பது வகுப்பாசிரியரின் கடமை.